அக்காவின் வயிறும் கீழ்காட்டு அரை ஏக்கரும்

மாசி மாசம் மஞ்சள் வேகவெச்சப்ப எழுதினது, அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரலை. மஞ்சளைக் காயவெச்சு, மெருகு போட்டு, ஈரோட்டுக்கு அனுப்பி, திரும்பவும் வைகாசியில வெதை மஞ்சள் நட்டும் முடிச்சாச்சு. வேலை ஒரு காரணம். இன்னொரு காரணம் எங்க அக்கா. வீட்டு நோயை வெளிய எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நாளா யோசனை. "எழுது தம்பி, நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன கொறைஞ்சா போயிரும், பேரை மட்டும் போட்டறாதே"ன்னு அதுவே சொன்ன பிறகுதான் உக்காந்தேன்.

அக்காவுக்கு 61 வயசு. மாமா தவறி ஒன்பது வருசமாச்சு. அதுல இருந்து எங்க தோட்டத்துச் சாளையிலதான் இருக்குது. பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை, ஞாயித்துக்கிழமை வந்து போவான். கட்டுத்தரையில இருக்கற நாலு மாடும் அக்கா பொறுப்பு. சக்கரை வந்து 19 வருசம், ஊசி போட ஆரம்பிச்சு ஆறு வருசம். தானே போட்டுக்கும். ஒரு நாள் கூட "எனக்கு முடியலை"ன்னு படுத்து நான் பார்த்ததில்லை.

போன ஐப்பசி வாக்குலதான் ஆரம்பம். ரெண்டு வாய் சாப்பிட்டதும் "போதும்"னு தட்டை நகத்திரும். எம் பொண்டாட்டி முதல்ல தப்பா நெனைச்சுகிட்டா. "நங்கையாளுக்கு எம் மேல என்ன கோவம், நான் ஆக்கறது பிடிக்கலையா"ன்னு என்கிட்ட ராத்திரி அழுதா. அப்புறம் வாந்தி. அதுவும் சாப்பிட்ட உடனே வராது. ஒரு நாள் காலையில ஏழு மணிக்கு எடுத்த வாந்தியைக் கழுவி விடப் போனவ என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. நேத்து சாயங்காலம் சாப்பிட்ட அவரைக்காய் பொரியல், அப்படியே இருக்குது. பருப்பு கூடக் கரையலை. பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல வயித்துல கெடந்த மாதிரியே இல்லை, இப்பதான் மென்னு துப்பின மாதிரி இருந்துச்சு.

அதுக்கப்புறம் நம்ம ஊர்ல என்னென்ன உண்டோ அத்தனையும் பார்த்தோம். தொக்கம் எடுக்கற அம்மாகிட்ட மூணு தடவை கூட்டிட்டுப் போனோம். குடல் ஏறியிருக்குன்னு ஒருத்தர் எண்ணெய் போட்டு உருவி விட்டார். ஓமத்தண்ணி, சுக்கு, பெருங்காயம். டவுன்ல ஒரு டாக்டர் அல்சர்னு சொல்லி கேஸ் மாத்திரை கொடுத்தார், அது நாலு மாசம் ஓடுச்சு. அவரைக் குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லீங்க. ஏன்னா அவரை விட பெரிய தப்பை நான் பண்ணிட்டு இருந்தேன்.

பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். சக்கரைக்குக் கம்பு, சாமை, வரகு, முருங்கைக்கீரைன்னு நான் எத்தனை தடவை இங்க எழுதியிருக்கேன்! அக்கா சாப்பிடறது கொறைஞ்சதும், சத்தில்லாமப் போயிருமேன்னு கம்மஞ்சோறும் கீரையும் நானே பெசஞ்சு கொடுத்து "ரெண்டு வாய், ரெண்டு வாய்"ன்னு ஊட்டி விட்டேன். அதுவும் தம்பி மனசு நோகுமேன்னு முழுங்குச்சு. ராத்திரி முழுக்க நெஞ்சைப் பிடிச்சுகிட்டு திண்ணையில உக்காந்திருக்கும். நாரு இருக்கற சாப்பாடுதான் அந்த வயித்துக்கு ஆகவே ஆகாதுன்னு பின்னால டாக்டர் சொன்னப்ப, எனக்கு அங்கயே நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

மாசி மாசம், களத்துல மஞ்சள் வெந்துட்டிருந்த அன்னிக்குத்தான் விசயம் கை மீறிப் போச்சு. காலையில ஏழரைக்கு ஊசி போட்டு, ரெண்டு இட்லியும் கம்மங்கூழும் குடிச்சுட்டு களத்துக்கு வந்துச்சு. ஒம்போது மணி இருக்கும். கூட்டறேன்னு வெளக்குமாத்தை எடுத்துகிட்டு நின்ன எடத்துலயே நிக்குது. கேட்டா ஏதோ ஒளறுது. வேர்த்துக் கொட்டுது, சேலை நனைஞ்சு போச்சு. வெயில்னு நெனைச்சு நெழலுக்குக் கூட்டிட்டு வந்தோம். பொண்டாட்டிதான் ஓடிப்போய் சக்கரை பார்க்கற மிஷினைக் கொண்டு வந்தா. 41. முழுங்கற நெனவு இருந்ததால சக்கரைத் தண்ணி குடுத்தோம். வழக்கமா கால் மணி நேரத்துல ஏறிரும். அன்னிக்கு 47தான் வந்துச்சு. வண்டியில தூக்கிப் போட்டு ஆசுபத்திரிக்குப் போய் நரம்புல குளுக்கோஸ் ஏத்தின பிறகுதான் என்னை அடையாளம் தெரிஞ்சுச்சு. அதே நாள் சாயங்காலம் பார்த்தா 330! காலையில 41, சாயங்காலம் 330. ஏத்தத்துக்கு குளுக்கோஸ் கொஞ்சம் காரணமா இருக்கலாம். ஆனா சாப்பிட்டுட்டு ஊசியும் போட்டவளுக்கு எறக்கம் எப்படி வந்துச்சுன்னு யாருக்கும் புரியலை.

பங்குனியில கோயமுத்தூருக்குப் போனோம். நம்பியூர், அவினாசி வழியா பஸ்ஸு, வழி முழுக்க அக்கா ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில வெச்சுகிட்டே வந்துச்சு. அங்க வயித்து டாக்டர் ஒருத்தர், சின்ன வயசு, பொறுமையானவர். வாய் வழியா குழாய் விட்டுப் பார்த்தார். முந்தின நாள் ராத்திரி எட்டு மணியில இருந்து பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் குடிக்கலை. வெளிய வந்து, "ராத்திரி என்னம்மா சாப்பிட்டீங்க?"ன்னார். "ரசஞ்சோறுங்க"ன்னுச்சு. "அது இன்னும் உள்ளயேதான் இருக்கு"ன்னார். அடைப்பு, கட்டி, புண்ணு ஒண்ணும் இல்லை. கதவு தெறந்துதான் இருக்குது, ஆனா தள்ளி விட ஆளில்லை. இதுக்கு கேஸ்ட்ரோபரேசிஸ்னு பேராம். இரைப்பை வாதம்னு வெச்சுக்கலாம்.

உறுதி பண்ண இன்னொரு சோதனை வெச்சாங்க. துளியூண்டு கதிர்வீச்சு மருந்து கலந்த இட்லியைச் சாப்பிட வெச்சு, நாலு மணி நேரம் வரைக்கும் கேமராவுல வயித்தைப் படம் பிடிக்கறாங்க. நாலு மணி நேரத்துல நூத்துல 90 பங்குக்கு மேல கீழ போயிருக்கணும். பத்துக்கு மேல மிச்சம் நின்னா நோய். அக்காவுக்கு 36 நின்னுச்சு.

அப்பத்தான் அந்த 41க்கும் 330க்கும் கணக்கு புரிஞ்சுது. ஊசி மருந்து தோலுக்கடியில இருந்து நேரா ரத்தத்துக்குப் போய் தன் வேலையை ஆரம்பிச்சுருது. ஆனா சாப்பாடு சிறுகுடலுக்குப் போனாத்தான் சக்கரையா ரத்தத்துல சேரும். அது மேலயே தங்கிருச்சு. மருந்து மட்டும் வேலை செஞ்சா சக்கரை எறங்காம என்ன பண்ணும்? மருந்தோட வேகம் கொறையற நேரத்துல வயிறு மெதுவா கதவைத் தெறந்து விடுது, ஏறிருது. வாய்க்கால்ல தண்ணி வராத நாள்ல மடையைத் தெறந்து வெச்சுட்டு, தண்ணி வர்ற நாள்ல அடைச்சு வெச்ச மாதிரி. இதுல ஒரு விஷச் சுழலும் இருக்குது: சக்கரை ஏறி நின்னாலே வயித்தோட ஓட்டம் இன்னும் மந்தமாகுமாம்.

எனக்கு டாக்டர் சொன்னதுல புதுசா இருந்தது, வயித்துக்குள்ளயே கரண்டு இருக்குதுங்கறதுதான். இதயத்துக்கு மட்டும்தான் அப்படின்னு நெனைச்சிருந்தேன். இரைப்பையோட மேல் பக்கத்துல, வளைவான ஓரத்துல, ஒரு எடத்துல இருந்து நிமிஷத்துக்கு மூணு தடவை ஒரு மின் அலை கிளம்பிக் கீழ் வாசல் வரைக்கும் ஓடுதாம். அந்த அலை மேல ஏறித்தான் தசை சுருங்கி சோத்தை அரைச்சுத் தள்ளுது. அந்தத் தாளத்தைப் போடற செல்லுக்கு கஹால் செல்லுன்னு பேரு. சான்டியாகோ ரமோன் இ கஹால்னு ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி, 1906ல நோபல் பரிசு வாங்கினவர், அவர் பேரை வெச்சது. 1921லயே வால்டர் ஆல்வரெஸ்னு அமெரிக்க டாக்டர் ஒருத்தர், வயித்துத் தோல் ரொம்ப மெலிஞ்சு போன ஒரு வயசான அம்மாவோட வயித்து மேல கம்பி வெச்சு இந்த மூணு தாளத்தை வரைபடமா எடுத்திருக்கார். அந்த அம்மாவுக்கு வயிறு அசையறது வெளியில இருந்தே கண்ணுக்குத் தெரியுமாம்.

ரொம்ப வருசம் சக்கரை ஏறியே கெடந்தா ரெண்டு பக்கமும் அடி. மூளையில இருந்து வயித்துக்கு எறங்கற வேகஸ் நரம்பு கெடும், இந்தக் கஹால் செல்லும் அழியும். கால்ல மதமதப்பு வர்ற அதே நரம்புக் கேடுதான், வயித்துல வருது. கால் மரத்துப் போனா செருப்பு கழண்டு போறதுல தெரிஞ்சுரும். வயிறு மரத்தா யாருக்குத் தெரியும்?

இதைக் கேட்டுட்டு வந்து எங்க மாட்டு டாக்டர்கிட்ட சொன்னேன். அவர் சிரிச்சார். "நான் தினமும் பார்க்கறது அதுதானே"ன்னார். மாடு தீனி எடுக்கலைன்னா அவர் முதல்ல பண்றது, இடது பக்க அள்ளையில முஷ்டியை அழுத்தி வெச்சுகிட்டு கடிகாரத்தைப் பார்க்கறது. ரெண்டு நிமிஷத்துக்கு ரெண்டு மூணு தடவை உள்ள இருந்து கையைத் தள்ளணும். தள்ளலைன்னா வயிறு நின்னு போச்சுன்னு அர்த்தம். கன்னு போட்ட மாட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து எறங்கினா அப்படி நிக்கும். முப்பது வருசமா மாட்டு வயித்தை அள்ளையில கை வெச்சுப் பார்த்த எங்க அக்காவுக்கு, தன் வயிறு நின்னு போனது தெரியலை. எனக்கும் தெரியலை.

இனி கரண்டு விசயத்துக்கு வர்றேன். இதுதான் எங்க வீட்டை ரெண்டு வாரம் ரெண்டாக்கிருச்சு.

மருமகன் கைபேசியில ஒரு படம் பார்த்துட்டு வந்தான். அமெரிக்காவுல வயித்துக்கு மிஷின் வைக்கறாங்களாம். இதயத்துக்கு வைக்கற பேஸ்மேக்கர் மாதிரியே ஒரு சின்னப் பெட்டி, வயித்துத் தோலுக்கடியில பைக்குள்ள வெச்ச மாதிரி வெச்சுடறாங்க. அதுல இருந்து ரெண்டு கம்பி, இரைப்பையோட தசையில, கீழ் வாசல்ல இருந்து பத்து சென்டிமீட்டர் மேல குத்தி வைக்கறாங்க. அஞ்சு விநாடிக்கு ஒரு தடவை ஒரு சின்ன துடிப்பு. அஞ்சு மில்லியாம்பியர்தான், நம்ம மோட்டார் இழுக்கறதுல ஆயிரத்துல ஒரு பங்கு கூட வராது. வெலை விசாரிச்சான். ஆபரேசன், மிஷின், தங்கற செலவு எல்லாம் சேர்த்து அவன் சொன்ன தொகைக்கு எங்ககிட்ட ஒரே வழிதான், கீழ்காட்டுல வாய்க்காலை ஒட்டின அரை ஏக்கர்.

இங்க ஒண்ணு சொல்லணும். அப்பா தவறினப்ப அக்கா ஒரு வார்த்தை பேசாம விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுச்சு. "எனக்கு எதுக்கு, தம்பி பண்ணையம் பண்ணட்டும்"னுச்சு. எம் பேர்ல இருக்கற ரெண்டரை ஏக்கர் அந்தக் கையெழுத்துல நிக்கறது. மருமகன் அதைச் சொல்லிக் காட்டலை. ஆனா "மாமா, எங்கம்மாவுக்கு அதுல ஒண்ணுமே இல்லீங்களா"ன்னு கேட்டான், தலையைக் குனிஞ்சுகிட்டு. கேட்டுட்டு அவனே எந்திரிச்சு வெளிய போயிட்டான். நான் அன்னிக்கு ராத்திரியே புரோக்கருக்குப் போன் பண்ணிட்டேன்.

அக்கா ஒத்துக்கலை. நெலத்துக்காக மட்டும் இல்லை. கரண்டுன்னா அதுக்குச் சின்ன வயசுல இருந்தே பயம். மோட்டார் ரூம்ல பச்சைப் பட்டனைக் கையால அமுக்காது, காஞ்ச தொவரை மாறு ஒண்ணு அதுக்குன்னே கதவோரம் சாத்தி வெச்சிருக்கும். "ஸ்டார்ட்டரையே நான் குச்சியில அமுக்கறவ, என் வயித்துக்குள்ள கரண்டு வெப்பீங்களா? மழை பேஞ்சா என்னாகும்?"னு கேட்டுச்சு. மருமகன் சிரிச்சுட்டான். அக்கா சிரிக்கலை.

சரி, டாக்டர்கிட்டயே கேட்டுருவோம்னு சித்திரையில மறுபடியும் போனோம். அவர் நெனைச்சிருந்தா "வெச்சுரலாம்"னு ஒரு வார்த்தையில அனுப்பியிருக்கலாம், நான் நெலத்தை வித்திருப்பேன். அவர் முக்கால் மணி நேரம் உக்கார வெச்சு பேசினார். எனக்குப் புரிஞ்ச வரைக்கும் எழுதறேன்.

முதல் விசயம், அது பேஸ்மேக்கர் மாதிரி இருக்குதே தவிர பேஸ்மேக்கர் வேலையைச் செய்யறதில்லை. வயித்தோட தாளம் நிமிஷத்துக்கு மூணு. மிஷின் தட்டறது நிமிஷத்துக்கு பன்னெண்டு. வயிறு அந்தத் தட்டுக்கு ஆடறதே இல்லை. மூணு தாளத்துக்கு வயித்தையே இழுத்து ஓட்டணும்னா ஒவ்வொரு துடிப்பும் ரொம்ப நீளமா, பலமா இருக்கணும், அதுக்கு வேண்டிய பேட்டரியை உள்ள வைக்க முடியாது, வெளிய தூக்கிகிட்டு திரியணும். உள்ள வைக்கற சின்ன மிஷின் பண்றது வேற. வயித்துல இருந்து மூளைக்குப் போற நரம்பைத் தட்டி, குமட்டல், வாந்திங்கற சேதியை அடக்குதுங்கறாங்க. அது எப்படிங்கறதுல ஆராய்ச்சி பண்றவங்களுக்குள்ளயே இன்னும் ஒரே பேச்சு இல்லை. அதனால மிஷின் வெச்சும் சோறு பழைய மாதிரி மெதுவாத்தான் எறங்கும், பல பேருக்கு. வாந்தி மட்டும் கொறையும்.

ரெண்டாவது, அமெரிக்க அரசாங்கம் 2000ல இதுக்கு அனுமதி குடுத்தது நெசம். ஆனா அது முழு அனுமதி இல்லை. வருசத்துக்கு நாலாயிரம் பேருக்குக் கம்மியா வர்ற நோய்க்குன்னு மனிதாபிமான அடிப்படையில ஒரு தனி வழி அங்க இருந்துச்சு. ஆபத்தை விட நன்மை இருக்கும்னு தோணினாப் போதும், பலன் உண்டுன்னு அடிச்சு நிரூபிக்கணும்னு இல்லை. அந்த வழியில வந்தது இது.

அப்புறம் சோதனை பண்ணின கதை. இது எனக்கு ரொம்பப் பிடிச்சுது, ஏன்னா நாம பாத்தி போட்டுப் பார்க்கற மாதிரியே இருந்துச்சு. எல்லாருக்கும் மிஷினை வெச்சுடறாங்க. ஒரு மாசம் ஓட விடறாங்க, ஒரு மாசம் நிறுத்தி வைக்கறாங்க, எப்ப ஓடுது எப்ப நிக்குதுன்னு நோயாளிக்குத் தெரியாது. 2003ல வந்த முதல் ஆய்வுல 33 பேர், ஓடற மாசத்துல வாந்தி கொறைஞ்சிருக்குது. 2010ல சக்கரை நோயாளிங்க 55 பேரை மட்டும் வெச்சு மூணு மூணு மாசமா பார்த்தாங்க. மிஷின் வெச்ச முதல் ஆறு வாரத்துல வாந்தி பாதிக்கும் கீழ எறங்கிருச்சு. ஆனா அதுக்கப்புறம் ஓட விட்ட மூணு மாசத்துக்கும் நிறுத்தின மூணு மாசத்துக்கும் வித்தியாசம் தெரியலை. உரம் போட்ட பாத்தியும் போடாத பாத்தியும் ஒரே மாதிரி வெளைஞ்சா நாம என்ன நெனைப்போம்? கடைசியா 2020ல பிரான்ஸ் நாட்டுல 172 பேரை வெச்சுப் பார்த்த ஆய்வு. அதுல ஓடறப்ப வாந்தி கொறைஞ்சது உறுதியாச்சு. ஆனா வயிறு காலியாகற வேகம் கூடலை, மொத்தத்துல வாழ்க்கை மேம்பட்டுச்சுன்னும் காட்ட முடியலை.

"அப்ப ஏமாத்து வேலைங்களா?"ன்னு கேட்டேன். "அப்படியில்லை"ன்னார். மருந்து மாத்திரை எதுக்கும் கேக்காம, தினமும் வாந்தி எடுத்து எடுத்து, ஆசுபத்திரியிலயே கெடக்கறவங்க இருக்காங்க. அவங்கள்ள சில பேர் இதை வெச்ச பிறகு வேலைக்குப் போறாங்க. அவங்களுக்கு இது பெரிய விசயம். ஆனா வெச்சா பேட்டரி அஞ்சுல இருந்து பத்து வருசத்துல தீரும், மறுபடியும் கீறணும். சீழ் பிடிச்சா மொத்தத்தையும் எடுக்கணும், சக்கரை உள்ளவங்களுக்கு அந்தப் பயம் கூடுதல். எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கறதுல கட்டுப்பாடு வரும். வாய் வழியாவே போய் இரைப்பையோட கீழ் வாசல் தசையைக் கீறித் தளர்த்தி விடற ஒரு முறையும் இருக்குது, நம்ம நாட்டுலயே செய்யறாங்க, வயித்தைக் கிழிக்க வேண்டாம். "ஆனா அம்மாவுக்கு நாம இன்னும் சாதாரண வைத்தியத்தையே ஒழுங்கா ஆரம்பிக்கலையே. ஆறு மாசம் குடுங்க. நெலத்தை அதுக்கப்புறமும் விக்கலாம். வித்துட்டா வாங்க முடியாது"ன்னார். மருமகன் முகத்துல ஈயாடலை. அவனுக்கு அது மழுப்பல் மாதிரி பட்டிருக்கும். திரும்பி வர்ற வழியில ஒரு வார்த்தை பேசலை.

சாதாரண வைத்தியம்னு அவர் சொன்னது இதுதான். மூணு வேளைச் சாப்பாட்டை ஆறா உடைச்சாச்சு, ஒவ்வொண்ணும் ஒரு கை அளவு. கம்பு, கீரை, அவரைக்காய், தோலோட கொட்டை, தேங்காய், எண்ணெய்ப் பலகாரம், எல்லாம் நிறுத்தம். கொழைய வேகவெச்ச சோறு, இட்லி, மசிச்ச பருப்பு, வடிகட்டின சூப்பு, மோர். தண்ணியா இருந்தா வயித்துல இருந்து சுலபமா எறங்கிரும். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் படுக்கக்கூடாது, கொஞ்சம் நடக்கணும். சாப்பாட்டுக்கு முன்னால வயித்தைத் தூண்டற மாத்திரை. அதுல ஒரு மாத்திரையை ரொம்ப நாள் போட்டா நாக்கும் வாயும் தானா அசையற தொந்தரவு வரும்னு சொல்லி, சில வாரம் மட்டும் குடுத்து மாத்திட்டார். முக்கியமா, ஊசியைச் சாப்பாட்டுக்கு முன்னால போடறதை மாத்தி, சாப்பிட்டு, அது உள்ள நின்னுச்சுன்னு பார்த்துட்டுப் போடச் சொன்னார், அளவையும் கொறைச்சார். தயவு செஞ்சு இதைப் படிச்சுட்டு யாரும் தானா மாத்திக்காதீங்க. அக்காவோட வயித்தைச் சோதிச்சுப் பார்த்து அக்காவுக்குச் சொன்னது.

சொல்றதுக்கு சுலபமா இருக்குது. ஊர்ல அதைச் செய்யறது அப்படி இல்லை. வந்த ஒறம்பரை எல்லாம் "சக்கரைக்காரிக்கு வெள்ளைச்சோத்தைக் கொழைச்சுப் போடறீங்களே, கொல்லப் பாக்கறீங்களா"ன்னு எம் பொண்டாட்டியை ஏசினாங்க. அதுல ரெண்டு பேர் நான் கம்பைப் பத்தி எழுதினதைப் படிச்சவங்க. எம் பேச்சையே எனக்குத் திருப்பிச் சொன்னாங்க. நான் என்ன சொல்ல? சக்கரை உள்ள எல்லாருக்கும் கம்பு கெடுதல்னு இல்லை. வயிறு ஓடறவங்களுக்கு நல்லதுதான், நானே தினமும் சாப்பிடறேன். நின்னு போன வயித்துக்கு அது சுமை. நாரு சேர்ந்து வயித்துக்குள்ளயே உருண்டையாக் கட்டிக்கற ஆபத்தும் உண்டு. பழசுல அப்படி எழுதினதுக்கு மேல இப்ப ஒரு வரி சேர்த்து வெச்சிருக்கேன்.

இப்ப எப்படி இருக்குதுன்னு கேப்பீங்க. வாந்தி வாரத்துக்கு அஞ்சாறு தடவை இருந்தது, இப்ப மாசத்துக்கு ரெண்டு மூணு. சக்கரை எறங்கி விழறது அந்த மாசி மாசத்துக்கப்புறம் இல்லை. ஆறு கிலோ எளைச்சதுல ரெண்டு கிலோ திரும்ப வந்திருக்குது. சில நாள் காலையில திண்ணையில முகத்தைத் தொங்கப் போட்டுகிட்டு உக்காந்திருக்கும், அப்பவே தெரிஞ்சுரும் ராத்திரிச் சாப்பாடு எறங்கலைன்னு. போன அமாவாசைக்கு வடையைப் பார்த்துட்டு, "ஒரு துண்டு பிட்டுக் குடு தம்பி"ன்னு கேட்டுச்சு. குடுத்தேன். ராத்திரி ரெண்டு பேருமே தூங்கலை.

கீழ்காட்டுல மஞ்சள் நட்டிருக்குது, இப்ப மொளைப்பு வந்து ரெண்டு இலை விட்டிருக்குது. அந்த அரை ஏக்கர்ல வெளையறதை அக்கா பேர்ல வங்கியில போட்டுர்றதுன்னு மருமகனைக் கூப்பிட்டு வெச்சே சொல்லிட்டேன். மிஷினோ, அந்த வாசல் கீறற வைத்தியமோ, எது தேவைப்பட்டாலும் முதல் காசு அதுல இருக்கட்டும். அவன் "சரிங்க மாமா"ன்னான். அடுத்த வாரம் வர்றப்ப அம்மாவுக்கு மிக்சி ஜார் ஒண்ணு வாங்கிட்டு வந்தான், சோத்தை மசிக்கறதுக்கு. புரோக்கர் இன்னும் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை போன் பண்றார். ஐப்பசியில கோயமுத்தூர் போகணும், அந்த இட்லி சோதனையை மறுபடியும் எடுக்கணும்.

மணி அஞ்சே கால் ஆகுது. அக்காவுக்கு இது அஞ்சாவது வேளை. போய்க் கூப்பிடணும், இல்லைன்னா மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வர்றேன்னு ஒரு மணி நேரம் தள்ளிரும்.